எல்லாத்துக்கும் போல்டு போடாதீங்க

சரவணம்பட்டி பக்கம் ஐடி கம்பெனிகளில் மேனுவல் எழுதும் தம்பி தங்கச்சிகளே, கோப்புப் பெயருக்கும் போல்டு, கட்டளைக்கும் போல்டு, தட்ட வேண்டிய விசைக்கும் போல்டு என்றால், எதை அப்படியே தட்டுவது, எதை மாற்றித் தட்டுவது என்று படிக்கிறவர் எப்படிங்க கண்டுபிடிப்பார்?

மேனுவல் எழுதுவதற்கான டெக்ஸ்இன்ஃபோ என்ற குறிமொழியில் இதற்கென்றே @ (அட்) குறியில் தொடங்கும் கட்டளைகள் இருக்கின்றன. 'இது கோப்பு' என்று சொல்ல அட் ஃபைல், 'இங்கே உங்கள் மதிப்பைப் போடுங்க' என்று சொல்ல அட் வார், விசைப்பலகையில் தட்டுவதற்கு அட் கேபிடி. என்ன பொருள் என்று மட்டும் நாம் சொன்னால் போதும், எப்படிக் காட்டுவது என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். அட் வார் போட்ட அதே சொல் அச்சில் சாய்வெழுத்தாகவும், சாய்வுக்கு வழியில்லாத, வெறும் எழுத்தாகத் திரையில் படிக்கும் இன்ஃபோ கோப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் வரும். மில்லில் நூல் கவுண்டுக்குத் தக்க கோன் நிறத்தை மாற்றி வைக்கிறார்களே, ஏறக்குறைய அந்த வேலைதான்.

பிஎஸ்டி (யூனிக்ஸ் வகை இயங்குதளம்) ஆட்கள் மேன் பக்கங்களை, அதாவது கட்டளைகளுக்கான உதவிப் பக்கங்களை, எழுதும் எம்டாக் குறிமொழி இதிலும் ஒரு படி மேல். ஆப்ஷன், ஆர்க்யுமென்ட், சூழல் மாறி (நிரல்கள் எடுத்துக்கொள்ளும் அமைப்பு மதிப்பு) எல்லாவற்றுக்கும் தனி மேக்ரோ (குறிக்கட்டளை) இருப்பதால், மேண்டாக் என்ற மென்பொருளோடு வரும் அப்ரோபோஸ் தேடல் கட்டளையில் 'பாத் என்ற சூழல் மாறியைப் பேசும் மேன் பக்கங்களை மட்டும் கொடு' என்று கேட்டுத் தேடலாம். போல்டிடம் போய் இதைக் கேளுங்க பார்ப்போம்!

தொல்லையும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு சொல்லுக்கு அட் கோடா (நிரல் துண்டு), அட் சாம்ப்பா (அப்படியே வரும் எழுத்து), அட் கமாண்டா என்று டீமுக்குள் அடிதடி நடக்கும் (நிரலின் பெயர் என்றால் அட் கமாண்ட், அதன் தேர்வுகளுக்கு அட் ஆப்ஷன், அதில் வாக்குவாதமே வேண்டாம்). சின்ன ரீட்மீ (அறிமுகக் குறிப்பு) எழுதுகிறவர்கள் மார்க்டவுன் என்ற எளிய குறிமுறையிலேயே எழுதிவிட்டுப் போங்க.