புத்தகம் யார் கையில்?

ஜனவரி 11, 2025, சனி

குடும்ப வாசிப்பு நிகழ்ச்சி நடத்த ஆள் தேவை என்று நூலகத்தில் கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். இன்று தன்னார்வலர்களுக்குப் பயிற்சி. வந்தவர்களில் பாதிப் பேர் கதை சொல்வதில் கெட்டிக்காரர்கள். சிங்கத்துக்கு ஒரு குரல், எலிக்கு ஒரு குரல் என்று அசத்தினார்கள். பயிற்சி கொடுத்தவர் எல்லாவற்றையும் ரசித்துக் கேட்டுவிட்டு, "அருமை. ஆனா பெத்தவங்க முன்னாடி இவ்வளவு நல்லா படிக்காதீங்க" என்றார்.

யோசித்தால் சரிதான். வாரத்தில் ஒரு மணி நேரம் நாம் படித்துக் காட்டி என்ன ஆகப்போகிறது? மற்ற நேரமெல்லாம் குழந்தை அம்மா அப்பாவோடோ, தாத்தா பாட்டியோடோ, பார்த்துக்கொள்ளும் அக்காவோடோதான் இருக்கிறது. "இவங்களை மாதிரி நமக்கு வராதுப்பா" என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டால் வீட்டில் யாரும் புத்தகத்தைத் திறக்கப்போவதில்லை.

ஜனவரி 18, சனி

முதல் நிகழ்ச்சி. 'உரையாடல் வாசிப்பு' முறையில் தொடங்கினோம். உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவிய முறை இது. இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு இதைக் கற்றுக்கொடுத்து, ஒரு மாதம் வீட்டில் செய்யச் சொன்னார்கள். வழக்கம்போலப் புத்தகம் படித்துக்காட்டப்பட்ட மற்றக் குழந்தைகளைவிட இந்தக் குழந்தைகள் பேச்சில் முந்திவிட்டார்கள்.

செய்வது இவ்வளவுதான்: கேள்வி கேட்பது, பதிலை ஏற்றுக்கொள்வது, அதில் ஒரு சொல்லைக் கூட்டுவது, குழந்தையைத் திருப்பிச் சொல்ல வைப்பது. "இது என்ன?" "நாய்." "ஆமா, நனைஞ்ச நாய். எங்க, சொல்லு?"

கேள்வி கேட்பது யாருக்கும் கஷ்டமாக இல்லை. காத்திருப்பதுதான் முடியவில்லை. கேட்ட மறு நொடியே பதிலையும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள் என்று சொன்னேன். ஒரு அப்பா உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தார். மூன்று வருவதற்குள் அவர் மகள் ஒரு முழு வாக்கியமே சொல்லிவிட்டாள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதற்கு மேல் அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி 1, சனி

பேரனோடு ஒரு தாத்தா வருகிறார். போன வாரம் புத்தகத்தை நீட்டியபோது "கண்ணாடி கொண்டு வரலைம்மா" என்றார். இன்றும் அதே பதில். பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள்: படிக்கத் தெரியாதவர்கள் பலரும் அதை நேரடியாகச் சொல்ல மாட்டார்கள், கண்ணாடி இல்லை, தலைவலி, நீங்களே படிங்க என்றுதான் வரும். அதனால் கூட்டத்தில் யாரையும் எழுப்பி வாசிக்கச் சொல்லவே கூடாது. நான் கறாராகக் கடைப்பிடிக்கும் விதி இது ஒன்றுதான்.

எழுத்தே இல்லாத படப் புத்தகங்களை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். அவருக்கு மட்டும் கொடுத்திருந்தால் அது வேறு மாதிரி ஆகியிருக்கும். எழுத்து இல்லாததால் நன்றாகப் படிப்பவர், படிக்காதவர் என்ற பேச்சே அங்கே எழவில்லை. சொல்லப்போனால் படித்தவர்கள்தான் திணறினார்கள். வரி இல்லாமல் என்ன சொல்வது என்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார்கள். தாத்தாவோ ஒரு பக்கத்தை விட்டு நகரவில்லை. ஆற்றங்கரையில் நிற்கும் மாட்டுக்கு ஒரு பெயர், ஒரு முன்கதை, பக்கத்து மாட்டோடு ஒரு பழைய சண்டை. பேரன் இடையில் புகுந்து மாட்டின் பெயரை மாற்றினான். "சரி, உன் இஷ்டம்" என்று அவரும் ஏற்றுக்கொண்டார். உரையாடல் வாசிப்பு என்று நான் படம் போட்டு விளக்கியதை, அந்தப் பெயரே தெரியாமல் செய்துகொண்டிருந்தார்.

பிப்ரவரி 8, சனி

இன்றைக்குப் புகார் நாள். "ஒரே புத்தகத்தையே திரும்பத் திரும்பக் கேக்குறான், எனக்கு அலுத்துப்போச்சு." அலுப்பு நியாயமானது, ஆனால் அவன் கேட்பதும் சரிதான். 2011இல் மூன்று வயதுக் குழந்தைகளை வைத்து உளவியலாளர் ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் இதைச் சோதித்தார்கள். புதுச் சொற்கள் காதில் விழுந்தது எல்லோருக்கும் ஒரே அளவுதான். ஆனால் அதே கதையைத் திரும்பக் கேட்டவர்கள், வெவ்வேறு கதை கேட்டவர்களைவிட நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

தினமும் வாசித்த நிமிடங்களைக் குறிக்கச் சொல்லி ஒரு அட்டை கொடுக்கிறோம். அதை நிறுத்திவிடும்படி நூலகத்தில் சொல்லியிருக்கிறேன். வாசலில் நின்று அவசரமாக நிரப்புகிறார்கள். பொய்க்கணக்கு எழுத வைப்பதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை.

பிப்ரவரி 22, சனி

நேற்று உலகத் தாய்மொழி நாள். அதைச் சாக்காக வைத்து, பலர் தயங்கித் தயங்கிக் கேட்டதையே பேசினோம்: பள்ளியில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி, எதில் வாசிப்பது? உங்களுக்கு எந்த மொழியில் சிரிப்பும் கோபமும் வருகிறதோ அதில் வாசியுங்கள் என்பேன். கதை எப்படிப் போகும், அடுத்து என்ன நடக்கும், ஏன் நடந்தது என்பதெல்லாம் ஒரு மொழியில் பிடிபட்டால் இன்னொரு மொழிக்கும் கூடவே வரும். தட்டுத்தடுமாறிப் பேசும் மொழியில் படித்தால் அரட்டை நின்றுவிடுகிறது. அரட்டை இல்லாத வாசிப்பில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

மார்ச் 1, சனி

கைக்குழந்தையோடு வந்த ஒருவர் "இவளுக்கு என்ன புரியும்?" என்று கேட்டார். பிறந்ததிலிருந்தே வாசித்துக் காட்டலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இல் பரிந்துரைத்ததைச் சொன்னேன். அதற்குள் பாப்பா அட்டைப் புத்தகத்தின் மூலையைக் கடித்து முடித்திருந்தாள். கடிக்கட்டும், அதற்குத்தானே கெட்டி அட்டை.

மார்ச் 8, சனி

இந்தச் சுற்றின் கடைசி நிகழ்ச்சி. நாங்கள் தன்னார்வலர்கள் பின் வரிசையில் உட்கார்ந்துகொண்டோம். நடத்தியவர் முதல் வாரம் வாயே திறக்காத ஒரு அம்மா. நடுவில் கதை மறந்துபோய், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று குழந்தைகளையே கேட்டார். ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள். உதவிக்கு எழப்போன ஒரு தன்னார்வலரின் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

அடுத்த சுற்றில் சேர்ந்து நடத்த வர முடியுமா என்று அவரிடமே கேட்டுவிட்டேன். வருகிறேன் என்றார், ஒரு நிபந்தனையோடு: "காலையில வேண்டாங்க, சாயங்காலம் வைங்க. அப்பதான் எங்க வீட்டுக்காரரும் வருவாரு." நேரத்தை மாற்றித் தரச் சொல்லி நூலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.