புதுத் துரை வந்திருக்கிறார்

எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் புதிய துணைவேந்தர் வருகிறார் என்று புலனத்தில் செய்தி வந்த மறுநாளே திரைச்சீலை மாற்ற ஆள் வந்துவிட்டது. வாடகைப் பூந்தொட்டிகள், வாசலுக்குப் புதுச் சாயம், ஆறு மாதமாகச் செத்துக்கிடந்த மின்தூக்கி விளக்குக்குத் திடீர் உயிர். வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்துவிட்டார். "தோட்டத்துல புதுத் துரை வந்தா லயத்துக்கு வெள்ளையடிச்சு, கால்வாய் வாருவோம்ல, அதேதான்!" (துரை என்றால் தோட்ட நிர்வாகி, லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்.)

அப்பா பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களை மேற்பார்க்கிறவராக இருந்தவர். அந்தத் தோட்டம் எப்போதோ செம்பனையாகிவிட்டது, நாங்களும் டவுன் பக்கம் வந்துவிட்டோம். ஆனாலும் அவர் பேச்சில் இன்னும் பால்மரம்தான் நிற்கும். புதுத் துரை முதல் வாரத்தில் எங்கே கண் வைக்கிறார் என்று பார்த்தாலே ஆளைச் சொல்லிவிடலாம் என்பார். பால் நிறுக்கும் கொட்டகையையே சுற்றிச்சுற்றி வந்தால் ஒரு ரகம். மரத்துக்கு மரம் போய் வெட்டுப்பட்டையைத் தடவிப் பார்த்தால் வேறு ரகம். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் அன்றைக்குப் பால் கூடும்தான், ஆனால் மரத்துக்குக் காயம் பட்டு, மறுபடி வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், அப்புறம் அதில் கத்தியே ஓடாது. மருந்து தடவிப் பால் கூட்டுவதும் அப்படித்தான், அளவு மீறினால் வெட்டு காய்ந்துவிடும். அதற்குள் துரைக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றல் வந்திருக்கும்.

பதிவாளர் அலுவலகத்தில் எனக்கு இது பதினேழாவது வருடம், பார்த்த துணைவேந்தர்கள் ஐந்து பேர். (அப்பா கணக்கில் நான் கிராணி, தோட்டத்து எழுத்தர். மறுக்க முடியவில்லை.) உங்கு அஜீஸ் 1968 முதல் 1988 வரை, இருபது வருடம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது அரசுப் பல்கலைக்கழகங்களில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைச்சர் நியமிக்கிறார், பெரும்பாலும் மூன்று வருடத் தவணை. முதல் வருடம் ஊர் தெரியவேண்டும், மூன்றாம் வருடம் நீட்டிப்பு கிடைக்குமா என்ற கவலை, நடுவில் ஒரே ஒரு வருடம். அதனால்தான் வந்ததும் ஏதாவது கண்ணில் படுகிற மாதிரி செய்யத் தோன்றுகிறது. ஒருவர் சின்னத்தை மாற்றினார். இன்னொருவர் இலக்கு வாசகத்தை மாற்றினார், பழைய வாசகம் அச்சடித்த கடித உறைகளை இன்னும் நாங்கள் குறிப்பெழுதப் பயன்படுத்துகிறோம்.

இந்தப் புதியவர் இரண்டாம் வாரம் ஒரு காலை எட்டரை மணிக்கு, உதவியாளரை மட்டும் கூட்டிக்கொண்டு எங்கள் முகப்பிடத்துக்கு வந்து, மாணவர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் ஒரு மாணவியும் அவள் அம்மாவும். பிடிபிடிஎன் என்ற அரசுக் கல்விக் கடன் இன்னும் கைக்கு வரவில்லை, கையில் கட்டணத்துக்குத் தவணை கேட்கும் பாரம் (படிவம்). அதற்கு மூன்று முத்திரை வேண்டும், மூன்றும் மூன்று மாடியில். அந்த அம்மா பாரத்தை ஒரு துணிக்கடைப் பையில் மடங்காமல் வைத்து, பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாராம். துணைவேந்தர் அவர்கள் பின்னாலேயே மாடி மாடியாக ஏறியிருக்கிறார். இரண்டு முத்திரை விழுந்துவிட்டது. மூன்றாவது முத்திரை வைக்கவேண்டிய அதிகாரி இடத்தில் இல்லை.

அந்த அதிகாரி நான்தான். கீழே கேண்டீனில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து வைத்துப் பசியாறிக்கொண்டிருந்தேன்.

ஓடி வந்தேன், வாயில் சம்பல் காரம் அப்படியே இருந்தது. அவர் திட்டவில்லை. "இந்த மூன்றாவது முத்திரை யாருக்காக?" என்று மட்டும் மலாயில் கேட்டார். பதில் தெரியவில்லை. பிறகு கோப்பைத் தேடியதில், இப்போது இல்லாத ஒரு பிரிவுக்காகப் போட்ட பழைய சுற்றறிக்கை கிடைத்தது. ஒரே வாரத்தில் அந்த முத்திரையை எடுத்துவிட்டார்கள். ரப்பர் முத்திரை மட்டும் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

சரி, நல்ல ஆள் என்று நினைத்தேன். அடுத்த மாதம் பெரிய மண்டபத்தில் அமானாட் உரை, ஊழியர்களுக்குத் துணைவேந்தர் ஆற்றும் கொள்கை உரை. முக்கால் மணி நேரப் பேச்சில் பாரத்துக்கு ஒரு வாக்கியம், மிச்சமெல்லாம் உலகத் தரவரிசை. கைதட்டல் விழுந்ததும் தரவரிசைக்குத்தான். இரண்டு நாள் கழித்து வந்த கேபிஐ (செயல்திறன் இலக்கு) தாளில் விரிவுரையாளர்கள் எழுதவேண்டிய ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகியிருந்தது. எங்களுக்கும் பன்னிரண்டு கட்டங்கள். ஆனால் கடன் வராத பிள்ளை எத்தனை மாடி ஏறுகிறது என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

அப்பாவிடம் இரண்டையும் சொன்னேன். தே ஓவை (பால் சேர்க்காத தேநீரை) ஆற்றிக்கொண்டே கேட்டார்: "பட்டையையும் தடவிப் பாக்குறாரு, கத்தியையும் ஆழமா எறக்கச் சொல்றாரா?"

"அப்படித்தான்பா இருக்கு."

"அப்ப இன்னும் ரெண்டு பெரட்டு பாக்கணும்மா." பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் கூட்டம்.

திங்கட்கிழமை காலை துணைவேந்தர் எங்கள் மாடிக்கு மறுபடி வருகிறார் என்று பேச்சு. வீட்டிலேயே பசியாறிவிட்டுப் போகலாம் என்றிருக்கிறேன்.