விசிட்டர் விசால நியூசிலாந்து போய் கார் வாங்கி இன்சூரன்ஸ் எடுத்த அனுபவம்

2019 மே மாசம் பொண்ணோட பிரசவத்துக்காக நானும் வீட்டம்மாவும் ஹாமில்டன் போனோம், ஆக்லாந்துல இருந்து தெக்கால ஒன்றரை மணி நேரம் கார்ல போகணும். ஆறு மாசம் இருக்கற மாதிரி விசிட்டர் விசா. மாப்பிள்ளை காலைல ஏழு மணிக்கு வண்டிய எடுத்துட்டு வேலைக்கு கிளம்பிருவாரு, திரும்பி வர ஆறாயிரும். அவங்க வீட்டுப் பக்கம் பஸ் மணிக்கு ஒண்ணு, ஞாயித்துக்கிழமை அதுவும் குறைவு. நிறைமாச பொண்ண வீட்டுல வச்சுக்கிட்டு வலி வந்தா டாக்ஸிக்கு போன் பண்ணிட்டு உக்காந்திருக்கவா முடியும். வாடகை கார் கேட்டுப் பாத்தோம், ஆறு மாச வாடகைல பழைய கார் ஒண்ணு சொந்தமாவே வாங்கிரலாம். அதான் வாங்கினேன். என்ன மாதிரி பேரப்பிள்ளைய பாக்க போறவங்க நிறைய பேர் இருக்கீங்க, உங்களுக்கு உதவும்னுதான் கொஞ்சம் விலாவாரியா எழுதறேன்.

முதல்ல, அங்க கார் வாங்கறதுக்கு குடியுரிமையோ பிஆரோ எதுவும் வேண்டாம். பாஸ்போர்ட்டும் அந்த ஊர்ல ஒரு வீட்டு விலாசமும் இருந்தா போதும். நம்ம தமிழ்நாட்டு லைசென்ஸ் இங்கிலீஷ்ல இருக்கறதால அதையே வச்சு ஓட்டலாம். ரோடும் நம்ம மாதிரியே இடது பக்கம்தான், ஸ்டியரிங் வலது பக்கம், அந்த பயம் வேண்டாம். ரவுண்டானால வலது பக்கத்துல இருந்து வர்றவனுக்கு வழி விடணும்ங்கறத மட்டும் மாப்பிள்ளைய பக்கத்துல வச்சுக்கிட்டு ரெண்டு நாள் பழகினேன்.

அங்க ஓடற பழைய கார்ல பாதிக்கு மேல ஜப்பான்ல ஓடிட்டு கப்பல்ல வந்ததுதான் போலன்னு தோணுச்சு எனக்கு. ரேடியோ கூட ஜப்பான் பேண்ட், 76ல இருந்து 90 வரைக்கும்தான் பிடிக்கும், வண்டிய ஸ்டார்ட் பண்ணினா ஒரு பொண்ணு ஜப்பான் பாஷைல ஏதோ சொல்லும். அது கோளாறு இல்ல, அவங்க ஊர் டோல் கார்டு சொருகலைன்னு சொல்றது. டீசல் வண்டி விலை மலிவா தெரிஞ்சா உடனே கை வைக்காதீங்க, டீசலுக்கு ரோடு வரி தனியா, ஓடற ஆயிரம் கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு முன்கூட்டியே வாங்கி வைக்கணும். பெட்ரோல்னா அந்த வரி பெட்ரோல் விலைலயே சேர்ந்திருக்கும்.

ரெண்டு விஷயம் புரிஞ்சுக்கணும், வாரண்ட், ரீகோ. வாரண்ட்ங்கறது வண்டி ரோட்டுக்கு லாயக்குன்னு கராஜ்ல செக் பண்ணி கண்ணாடில ஒட்டற ஸ்டிக்கர். பிரேக், லைட், சீட் பெல்ட், துரு எல்லாம் பாப்பாங்க, டயர் பள்ளம் 1.5 மில்லிமீட்டருக்கு கீழ இருந்தா ஃபெயில். நான் போனப்போ, 2000க்கு முன்னாடி பதிவான வண்டின்னா ஆறு மாசத்துக்கு ஒருக்கா, அதுக்கு பின்னாடின்னா வருஷத்துக்கு ஒருக்கா இத எடுக்கணும்னு இருந்துச்சு. ரீகோங்கறது ரோட்டுல ஓட்டறதுக்கு கட்டற லைசென்ஸ் காசு, மூணு மாசத்துக்கு கூட கட்டிக்கலாம், நமக்கு அது சௌகரியம். விக்கறவங்க கொடுக்கற வாரண்ட் ஒரு மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும்னு சட்டம், இல்ல இருக்கற நிலைமைலயே எடுத்துக்கறேன்னு நாம எழுதிக் கொடுக்கணும். அப்படி மட்டும் எழுதிக் கொடுத்துராதீங்க.

முதல்ல பாத்தது ஒரு நிஸான் டீடா கார், நல்லா ஓடுச்சு, விலையும் படிஞ்சிருச்சு. மாப்பிள்ளைதான் மாமா கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லி பிபிஎஸ்ஆர்னு, எந்த வண்டி மேல கடன் இருக்குன்னு பதிவு பண்ற ஒரு ரெஜிஸ்டர்ல வண்டி நம்பர் போட்டு தேடினாரு, சில டாலர்தான் கட்டணம், பாத்தா அந்த வண்டி மேல ஃபைனான்ஸ் கடன் நிக்குது. விக்க வந்தவரு அதப் பத்தி வாயே திறக்கல. வாங்கியிருந்தா அவர் கட்டாத கடனுக்கு என் வீட்டு வாசல்ல இருந்து வண்டிய தூக்கிட்டு போயிருப்பாங்க. நம்ம ஊர்ல ஆர்சி புக்லயே ஹைப்போதிகேஷன்னு போட்டிருக்கும் பாருங்க, அங்க பதிவு சர்டிஃபிகேட் இவர்தான் சொந்தக்காரர்ங்கறதுக்கு அத்தாட்சியே கிடையாது. அதனால யார் என்ன சொன்னாலும் இந்த தேடல பண்ணாம காசு கொடுக்காதீங்க, எனக்கு இன்னிக்கு நினைச்சாலும் பகீர்ங்குது.

அப்புறம் ஹாமில்டனுக்கு பக்கத்துல இருக்கற கேம்பிரிட்ஜ்ங்கற ஊர் பக்கம் ஒரு வயசான அம்மா வித்த 2008 மாடல் மாஸ்டா டெமியோ கிடைச்சுது. மெக்கானிக் ஒருத்தர கூட்டிட்டு போய் பாத்து 4,200 டாலருக்கு முடிச்சோம். பேர் மாத்தறது நம்ம ஊர் ஆர்டிஓ ஆபீஸ் அலைச்சல் மாதிரி இருக்கும், ஃபார்ம் 29, 30, அட்ரஸ் ப்ரூஃப்னு கேப்பாங்கன்னு நினைச்சு ஒரு ஃபைலோட போனேன், போஸ்ட் ஆபீஸ்ல எம்ஆர் 13பி (MR13B)ன்னு ஒரே ஒரு ஃபார்ம், பாஸ்போர்ட்ட பாத்தாங்க, 9 டாலர் வாங்கினாங்க, பத்து நிமிஷத்துல வண்டி என் பேருக்கு வந்துருச்சு. அங்க லைசென்ஸ் இருக்கறவங்க ஆன்லைன்லயே பண்ணிரலாம், நம்மள மாதிரி ஆளுங்க நேர்ல போகணும், அவ்வளவுதான் வித்தியாசம்.

உண்மையான அலைச்சல் இன்சூரன்ஸ்லதான். இதக் கேட்டா ஆச்சரியமா இருக்கும், நியூசிலாந்துல கார் இன்சூரன்ஸ் கட்டாயமே இல்ல. நம்ம ஊர்ல தேர்டு பார்ட்டி இல்லாம வண்டிய வெளிய எடுத்தாலே குத்தம். அங்க 1974ல இருந்து ஏசிசின்னு ஒரு அரசாங்க ஏற்பாடு, விபத்துல யாருக்கு அடிபட்டாலும் யார் தப்புன்னு பாக்காம வைத்தியச் செலவ அதுவே பாத்துக்கும், சுத்திப் பாக்க வந்தவங்களுக்கும் சேர்த்து. அதுக்கான காசு ரீகோலயும் பெட்ரோல்லயும் நம்மகிட்டயே வாங்கிருவாங்க. ஆனா அது உடம்புக்கு மட்டும்தான், வண்டிக்கு இல்ல. காய்ச்சல் சுகர் நெஞ்சுவலி மாதிரி நோய்க்கும் இல்ல, அதுக்கு டிராவல் இன்சூரன்ஸ் தனியா எடுத்தே ஆகணும். நீங்க போய் ஒரு புது பிஎம்டபிள்யூ மேல இடிச்சா அந்த செலவு முழுசா உங்க தலைலதான், அவங்க இன்சூரன்ஸ் கம்பெனி உங்ககிட்ட வசூல் பண்ண வரும். ரிட்டயர் ஆன காசுல அதக் கட்ட முடியுமா. அதனால கட்டாயம் இல்லைன்னு யாராவது சொன்னா கேட்டுக்காதீங்க, எடுத்தே ஆகணும்.

முதல் கம்பெனி விசிட்டர் விசான்னதுமே முடியாதுன்னுட்டாங்க. ரெண்டாவது, அந்த ஊர் பேங்க் அக்கவுண்ட் வேணும்னாங்க. மூணாவது கம்பெனி சரின்னு சொல்லிட்டு எத்தனை வருஷமா லைசென்ஸ் வச்சிருக்கீங்கன்னு கேட்டாங்க. நான் 1988ல எடுத்தது, ஆனா கையில இருக்கற கார்டுல ரினியூ பண்ணின தேதிதான் தெரியுது, அதப் பாத்தா நான் ரெண்டு வருஷம் முன்னாடி ஓட்டக் கத்துக்கிட்ட ஆள் மாதிரி இருக்கு. ரெண்டு நாள் மண்டைய உடைச்சுக்கிட்டு கடைசில நம்ம பரிவாகன் சைட்ல லைசென்ஸ் விவரத்துல முதல்ல கொடுத்த தேதி இருக்கறது கண்ணுல பட்டுச்சு, அதப் பிரிண்ட் எடுத்து அனுப்பினதும் ஒத்துக்கிட்டாங்க. இங்க இருந்து கிளம்பும்போதே இதையும், இங்க ஓட்டற காரோட நோ கிளெய்ம் போனஸ் லெட்டரையும் வாங்கி வச்சுக்கோங்க. எனக்கு அந்த லெட்டர் இருந்ததால பிரீமியம் கொஞ்சம் குறைஞ்சுது.

நடுவுல தெரிஞ்சவர் ஒருத்தர், எதுக்கு சார் இவ்வளவு கஷ்டம், மாப்பிள்ளை பேர்ல பாலிசி போட்டு அவர்தான் முக்கியமா ஓட்டறார்னு சொல்லிருங்கன்னாரு. எனக்கு மனசு ஒப்பல. யார் ஓட்டறதுங்கறதுல பொய் சொன்னா கிளெய்ம் வரும்போது கைய விரிச்சிருவாங்க, மாப்பிள்ளை பேரும் கெட்டுப் போகும், அப்புறம் அவருக்கு எந்த கம்பெனிலயும் பாலிசி கிடைக்கறது கஷ்டம். உள்ளத உள்ளபடி சொல்லி, என் பேர்ல, தேர்டு பார்ட்டியோட தீ, திருட்டும் சேர்ந்த பாலிசி எடுத்தேன். வெளிநாட்டு லைசென்ஸ்ங்கறதால எக்ஸஸ் அதிகம் போட்டாங்க, அதாவது கிளெய்ம் வந்தா முதல்ல நாம கைல இருந்து போடற காசு. பாலிசி மெயில் வந்த பின்னாடிதான் கேம்பிரிட்ஜ் போய் வண்டிய எடுத்துட்டு வந்தேன், வாசல்ல நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு வீட்டம்மா சூடம் காட்டினா.

ஜூன் கடைசில ராத்திரி ரெண்டு மணிக்கு பொண்ணுக்கு வலி வந்துச்சு. மாப்பிள்ளை அவள கூட்டிட்டு வைகாட்டோ ஆஸ்பத்திரிக்கு முன்னால போக, நாங்க பையெல்லாம் எடுத்துக்கிட்டு டெமியோல பின்னாலயே போனோம், கண்ணாடி பூரா பனி உறைஞ்சு கிடந்துச்சு. பேரன். குழந்தைய வீட்டுக்கு கொண்டு வர கேப்ஸ்யூல்னு சொல்ற கைக்குழந்தை சீட் வண்டில இருக்கணும், ஏழு வயசு வரைக்கும் குழந்தை சீட் சட்டப்படி கட்டாயம், மடில வச்சுக்கறேன்னு பாட்டி சொன்னாலும் நடக்காது. வாடகைக்கே கிடைக்கும், முன்னாடியே மாட்டிப் பழகிக்கோங்க.

ஆகஸ்ட்ல கடை பார்க்கிங்ல ஒரு பையன் ரிவர்ஸ் எடுத்து எங்க பின்பக்க கதவ நசுக்கிட்டான், அவனுக்கு இன்சூரன்ஸே இல்ல. பதட்டத்துல போகட்டும்னு விடப் பாத்தேன், வீட்டம்மாதான் பேரு, நம்பர் பிளேட், லைசென்ஸ் எல்லாத்தையும் போட்டோ எடுங்கன்னு பிடிவாதமா நின்னா. அதுதான் காப்பாத்துச்சு. தேர்டு பார்ட்டி பாலிசியாவே இருந்தாலும், தப்பு அடுத்தவன் மேல, அவனுக்கு இன்சூரன்ஸ் இல்ல, அவன் யாருன்னு நம்மால சொல்ல முடியும்னா ஒரு அளவு வரைக்கும் நம்ம வண்டிக்கும் கொடுக்கற ஷரத்து என் பாலிசில இருந்துச்சு. ரிப்பேர் காசு வந்துருச்சு. எடுக்கும்போது இந்த ஷரத்து இருக்கான்னு கேட்டே எடுங்க.

அக்டோபர் கடைசில ஒரு வாரம் முன்னாடி வாரண்ட் புதுசா எடுத்து, யுனிவர்சிட்டில படிக்க வந்த ஒரு பொண்ணுக்கு 3,600க்கு கொடுத்தோம். வித்தாச்சுன்னு நம்ம பக்கத்துல இருந்தும் அறிவிப்பு கொடுக்கணும், இல்லைன்னா அவங்க வாங்கற ஃபைனும் கட்டாம விடற டோலும் நம்ம பேர்லயே வரும், அதனால அந்த பொண்ணையும் கூட்டிக்கிட்டு அதே போஸ்ட் ஆபீஸ்ல ரெண்டு ஃபார்மையும் ஒண்ணா கொடுத்தேன். பாலிசிய கேன்சல் பண்ணினதுல மீதி மாசத்துக் காசு, நாங்க ஊருக்கு வந்து சேர்ந்த அப்புறம், எங்க பொண்ணு அக்கவுண்ட்ல வந்துச்சு, அத பேரன் பேர்லயே போட்டு வைம்மான்னு சொல்லிட்டேன்.