வீட்டில் யாராவது?

அந்தக் கேள்வியின் முதல் பாதியில் தவறில்லை என்று இன்றும் சொல்வேன். "அக்கா, வேலையிழப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தீர்களா?" மனிதவளப் பிரிவில் இருப்பவன் கேட்டே ஆக வேண்டியது அது. இரண்டாம் பாதியைத்தான் விழுங்க முடியவில்லை: "வீட்டில் யாராவது உங்கள் பெயரில் செய்திருப்பார்களோ?"

2020 மே மாதம். சியாட்டிலுக்குத் தெற்கே, கென்டில் எங்கள் கிடங்கு. மாநில அரசிடமிருந்து வந்த கடிதம், வேலை இல்லாததால் அந்த அக்கா நிறுத்தப்பட்டதாகவும் உதவித்தொகை கேட்டிருப்பதாகவும் சொன்னது. நான் அதைப் படித்த நேரத்தில் அவர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், முகக்கவசத்தோடு, பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். இது திருட்டு என்று அப்போதே தெரிந்துவிட்டது. அப்படியானால் ஏன் கேட்டேன்?

காரணம் இருக்கிறது. இரண்டு வாரம் முன்பு இதேபோல ஒரு கடிதம் வந்தபோது மோசடி என்று குதித்தேன். வேலை நேரம் குறைக்கப்பட்ட ஒருவர் முறைப்படி விண்ணப்பித்திருந்தார். பகுதி நேரமானவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன்பின் எவரையும் கேட்காமல் பதில் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். விண்ணப்பத்துக்கு வேண்டிய சோஷியல் செக்யூரிட்டி எண், அதாவது அமெரிக்க அரசு தரும் அடையாள எண், வீட்டாருக்குத் தெரிந்திருக்கும், வீட்டுக்குள்ளேயே இப்படி நடப்பதும் உண்டு என்பதும் உண்மைதான்.

ஆனால் என் மனதில் அப்போது ஓடியது பொதுவான உண்மை எதுவும் அல்ல. உணவகத்தில் வேலை பார்த்த அக்காவுடைய மகனை மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவரே என்னிடம் சொல்லிக் கலங்கியது அது.

அவர் கோபித்திருந்தால் தேவலை. சற்று நேரம் டேப் உருளையையே பார்த்துவிட்டு, "கேட்டுப் பார்க்கிறேன் தம்பி" என்றார். மறுநாள் காலை என் அறை வாசலிலேயே நின்று, "இல்லை என்கிறான்" என்றார். அந்த வீட்டில் முந்தின இரவு என்ன பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கும் துணிவும் வரவில்லை.

செய்ய வேண்டியதையெல்லாம் அன்றே சொன்னேன். மாநிலத் துறைக்கு மோசடிப் புகார், காவல்துறையில் ஒரு பதிவு, நுகர்வோரைக் காக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் தளத்தில் ஒரு முறையீடு. கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்று நிறுவனங்களிலும், அவர் பெயரில் வேறு யாரும் கடன் வாங்க முடியாதபடி அந்தப் பதிவைப் பூட்டி வைப்பது, அதற்குக் கட்டணம் கிடையாது. பணமோ அட்டையோ வந்தால் தொடாமல் திருப்பி அனுப்புவது. நின்றபடியே ஒப்பித்தேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை என்பது தெரிந்தும் ஒப்பித்தேன்.

விஷயம் விளங்க எனக்கு இன்னும் சில நாள் பிடித்தது. அப்போது வாரத்துக்கு அதிகபட்சம் 790 டாலர் மாநிலத்தொகை, அதன்மேல் மார்ச்சில் வந்த கூட்டரசுச் சட்டத்தின்படி 600 டாலர். முந்தின வாரங்களுக்கும் சேர்த்துக் கேட்கலாம். முதல் வாரக் காத்திருப்பும் நீக்கப்பட்டிருந்ததால், முதலாளியின் பதில் போய்ச் சேருமுன் பணம் கைமாறிவிடும். திருடிய எண்களைக் கத்தையாக வைத்திருந்த கும்பல்களுக்கு வேறென்ன வேண்டும்? மே நடுவில் வாஷிங்டன் மாநிலம் இரண்டு நாள் பட்டுவாடாவையே நிறுத்தியது. போனது சுமார் 65 கோடி டாலர், மீண்டது சுமார் 37 கோடி என்று பின்னால் கணக்கு வந்தது. அந்தக் கடிதம் ஒரு வாரம் தாமதமாக வந்திருந்தால் நான் இரண்டாம் பாதியைக் கேட்டிருக்க மாட்டேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு.

அதிலும் ஓட்டை இருக்கிறது. அக்காவின் கடிதத்துக்கு இரண்டு நாள் கழித்து வந்த கடிதக் கட்டுக்குள் எங்கள் மேலாளர் பெயரும் இருந்தது. அப்போதும் மாநிலம் பட்டுவாடாவை நிறுத்தியிருக்கவில்லை, செய்தி எதையும் நான் படித்திருக்கவுமில்லை. அவரிடம் போய், "சார், உங்கள் மனைவி செய்திருப்பாரோ?" என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

2021 ஜனவரியில் அக்கா, மாநிலம் தந்த உதவித்தொகையைக் காட்டும் 1099-ஜி என்ற வரிப் படிவத்தோடு வந்தார். வாங்காத பணத்தை வருமானமாகக் காட்டியிருந்தது. திருத்திய படிவத்தை மாநிலத்திடம் கேளுங்கள், அது வரும்வரை காத்திருக்காமல் உண்மையில் பெற்ற வருமானத்தை மட்டும் காட்டி வரிக்கணக்கைத் தாக்கல் செய்யுங்கள் என்றேன். கூட்டரசு வரித்துறையான ஐஆர்எஸ் தரும் ஆறு இலக்க ரகசிய எண் அந்த மாதம்தான் நாடு முழுவதும் எல்லோருக்கும் திறக்கப்பட்டிருந்தது. அதை எடுத்துவிட்டால் இவர் பெயரில் வேறொருவர் கணக்குத் தாக்கல் செய்ய முடியாது. இந்த முறை உட்கார வைத்துச் சொன்னேன். நாள்காட்டித் தாளின் பின்புறம் தமிழில் எழுதிக்கொண்டார்.

எழுந்து போகும்போது, "பையனுக்கும் இந்த எண் எடுக்கலாமா சார்?" என்று கேட்டார்.

"எடுக்கலாம்" என்றேன்.

தம்பி எப்போது சார் ஆனது என்று யோசித்துப் பார்க்கிறேன். அன்றைக்கு அறையில் கணக்காளரும் இருந்தார், அதற்காகவும் இருக்கலாம்.