செம்பனை நிரைக்குள் ஒரு திசையன் கணக்கு

மாலையில் படிவம் 4 (பதினாறு வயது) பிள்ளைகள் சிலர் டியூசனுக்கு வருவார்கள். இடப்பெயர்ச்சிகளை, அதாவது தூரமும் திசையும் சேர்ந்த திசையன்களை, கூட்டச் சொன்னால் பாதிப் பேர் மீட்டர்களை மட்டும் கூட்டிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார்கள், திசை எங்கே என்று கேட்டால் முழிப்பார்கள். எப்போது பார்த்தாலும் 3 கிழக்கே, 4 வடக்கே, விடை 5 என்றே கொடுத்துக்கொண்டிருந்தால் அவர்கள் எதற்கு யோசிக்கப் போகிறார்கள்?

சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) பக்கம் வீட்டுக்குப் பின்னாலேயே செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, நிற்கும்போது வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. செம்பனையைச் சதுரமாக நடுவதில்லை. எந்தப் பக்கம் அளந்தாலும் மரத்துக்கு மரம் 9 மீட்டர் வருகிற மாதிரி சமபக்க முக்கோணமாக நடுவார்கள், ஹெக்டருக்கு ஏறக்குறைய 143 மரம் பிடிக்கும். எல்லா மரத்துக்கும் வெயில் ஒரே அளவில் கிடைக்கும். நமக்கு என்ன லாபம் என்றால், நிரை வடக்கு தெற்காக ஓடினால் குறுக்கு நிரை வடக்கிலிருந்து சரியாக 60 பாகை கிழக்கே சாய்ந்திருக்கும்.

சரி, வடக்கு நிரையில் 30 மர இடைவெளி நடங்கள்: 270 மீட்டர். அப்புறம் குறுக்கு நிரையில் 20 இடைவெளி: 180 மீட்டர். இந்த 180-ஐ வடக்கு, கிழக்கு என்று உடைத்தால் வடக்கே 90 (180 × cos 60°), கிழக்கே 155.9 (180 × sin 60°). மொத்தம் வடக்கே 360, கிழக்கே 155.9. பைதகோரஸ் போட்டால் 392 மீட்டர், திசை வடக்கிலிருந்து 23.4 பாகை கிழக்கே.

“நடந்தது 450 ஆச்சே அங்கிள், மிச்சம் எங்கே போச்சு?” என்றாள் ஒருத்தி. எங்கேயும் போகவில்லை, நீ வளைந்து போனாய், அவ்வளவுதான். குறுக்கு நிரையில் முதலில் நடந்து வடக்கு நிரைக்கு அப்புறம் வந்தாலும் அதே மரத்தடியில்தான் போய் நிற்பாய்.

வம்பு அடுத்த அடியில்தான். அங்கிருந்து மேற்கே 400 மீட்டர் போகச் சொல்லுங்கள். கிழக்குக் கணக்கு இப்போது கழித்தல் 244.1, வடக்கு அதே 360. தூரம் 435 மீட்டர், அதில் யாரும் தடுமாறுவதில்லை. திசைக்கு 360-ஐக் கழித்தல் 244.1-ஆல் வகுத்து டான் தலைகீழை (tan⁻¹) தட்டினால் கால்குலேட்டர் கழித்தல் 55.9 பாகை என்று காட்டும். அதை அப்படியே கிழக்கிலிருந்து அளந்த கோணமாக எழுதினால் தென்கிழக்கு! ஆள் நிற்பதோ வடமேற்கில். கால்குலேட்டருக்கு விகிதம் மட்டும்தான் தெரியும், எந்த எண்ணுக்குக் கழித்தல் குறி இருந்தது என்று தெரியாது. அதனால்தான் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, முதலில் படம் போடச் சொல்கிறேன். படத்தைப் பார்த்தாலே வடக்கிலிருந்து 34.1 பாகை மேற்கே என்று புரிந்துவிடும்.

புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப அதே 435 மீட்டர், தெற்கிலிருந்து 34.1 பாகை கிழக்கே. நடுவில் கால்வாயும் வெட்டிப்போட்ட மட்டையும் கிடக்கும், அதைச் சுற்றிப் போகிற மீட்டர் இந்தக் கணக்கில் சேராது.