தெரு யார் பெயரில் இருக்கிறது?

வீட்டுக்கு பிளான் போட்டு அப்ரூவல் வாங்கித் தருவது என் தொழில். புறநகர்ப் பேரூராட்சிகளில்தான் வேலை அதிகம். வருகிறவர்கள் பேச்சோடு பேச்சாக, "எங்க தெருவுக்கு எப்ப சார் ரோடு போடுவாங்க?" என்பார்கள். "தெருவுக்குத் தானப் பத்திரம் ஆயிருக்கா?" என்று திருப்பிக் கேட்டால் முழிப்பார்கள்.

நிலத்தை மனைகளாகப் பிரித்து லே-அவுட் போடுகிறவர், வரைபடத்தில் காட்டிய தெருக்களை உள்ளாட்சிக்கு இலவசமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் தானப் பத்திரம். 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதம் பூங்காவுக்கு. அனுமதியே வாங்காமல் போட்ட லே-அவுட்களில் இந்தப் பேச்சே கிடையாது. கல் நட்டார்கள், விற்றார்கள், போனார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மனைகளைப் பதியத் தடை போட்ட பிறகுதான் பலருக்கு விஷயமே உறைத்தது. 2017இல், அனுமதியில்லாத மனைகளைக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ள வரன்முறை விதிகள் வந்தன. வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம் எல்லாம் பெரும்பாலும் மனை வாங்கியவர் தலையில்தான் விழுந்தது. லாபம் பார்த்தவர் ஒருவர், செலவு இன்னொருவருக்கு. இது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை.

மனைக்கு வரன்முறை ஆணை வந்ததும் தெருவும் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். ஒரு குடியிருப்பில், மக்களும் பணம் போட்டு அரசோடு சேர்ந்து வேலை செய்யும் 'நமக்கு நாமே' திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாங்களே போட்டு சிமெண்ட் ரோடு போட முடிவு செய்து, வீடு வீடாகப் பணமும் வசூலித்துவிட்டார்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் தெரு இன்னும் பழைய நிலக்காரர் பெயரில்! அவர் காலமாகிவிட்டார். வாரிசுகள் ஆளுக்கொரு ஊரில். கடைசி மகன் கையெழுத்துப் போடப் பணம் கேட்டார். தெரு உள்ளாட்சி பெயருக்கு வராததால் ரோடு போட முடியவில்லை; வசூலித்த தொகை குடியிருப்போர் சங்கத்தின் கணக்கில் அப்படியே தூங்கியது.

சரி, தெரு ஒழுங்காக ஒப்படைக்கப்பட்ட இடங்களில் என்ன நடக்கிறது? காம்பவுண்டுக்குக் காம்பவுண்டு டேப் பிடித்தால் 30 அடி சரியாக இருக்கும். வண்டி ஏற வாசலில் போட்ட சரிவான ராம்புக்கு ராம்ப் பிடித்தால் 20 அடி தேறாது. சிலர் செப்டிக் டேங்கையே தெருவில் புதைத்து மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். வடிகால் தோண்ட வருகிறவர்கள் எங்கே தோண்டுவார்கள்?

ஆனால் வீட்டுக்காரர்களின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும். பல தெருக்களில் அப்படியே மேலே போட்டுவிட்டுப் போகிறார்கள். ரோடு உயர உயர, மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடுமோ என்று பேஸ்மெண்டை நாலடி ஏற்றுகிறார்கள். அந்த நாலடிக்கும் சரிவு தெருவில்தான் இறங்குகிறது.

என் பிளான்களில் ராம்ப் கேட்டுக்கு உள்ளேயே ஆரம்பித்து உள்ளேயே முடியும். "கார் நிறுத்துற இடம் குறையுதே சார்" என்பார்கள். குறையத்தான் செய்யும்.