பாயின்ட் கணக்கு

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில் உள்ள ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் 26 ஆண்டுகள் கணக்கராக வேலை பார்த்தேன். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி வாசலில் வந்து நின்றதும் முதலில் நடப்பது பாயின்ட் பார்ப்பதுதான். கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, இத்தனை பாயின்ட் என்று முடிவு செய்து, அதை வைத்துத்தான் விவசாயிக்கு விலை போடுவார்கள். ஒரு பாயின்ட் குறைந்தால்கூட, பத்து மாதம் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதரின் முகம் வாடிவிடும். அந்தப் பாயின்ட்டுகளைப் பல்லாயிரம் வரிகளாகப் பேரேட்டில் எழுதிய எனக்கு, அதே மாவுச்சத்து என் உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று ஒரு நாளும் யோசிக்கத் தோன்றியதில்லை.

2017-ஆம் ஆண்டு, செருப்புக் கடித்த புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை என்று மருத்துவரிடம் போனபோதுதான் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. வெறும் வயிற்றில் 168. கடந்த மூன்று மாதங்களின் நிலையைக் காட்டும் எச்பிஏ1சி 8.9. முன்னது 126-ஐயும் பின்னது 6.5-ஐயும் எட்டினாலே சர்க்கரை நோய்தான் என்று விளக்கிய மருத்துவர், மெட்ஃபார்மின் மாத்திரை எழுதிக்கொடுத்து, உணவைக் குறித்தும் சொல்லி அனுப்பினார். அவர் சொன்னவற்றில் என் காதில் விழுந்தது ‘இனிப்பை விட வேண்டும்’ என்பது மட்டும்தான். அன்றைக்கே காபியில் சர்க்கரையை நிறுத்தினேன். கடைவீதிப் பக்கம் போனால் தவறாமல் வாங்கும் பால்கோவாவையும் ஜாங்கிரியையும் நிறுத்தினேன். பத்து நாள் நாக்கு ஏங்கியது, பிறகு பழகிவிட்டது. மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தபோது எச்பிஏ1சி 8.6 என்று வந்தது. இத்தனை வைராக்கியத்துக்கு இவ்வளவுதானா என்று உண்மையிலேயே மனம் உடைந்துபோனேன்.

என் மகன் விரலில் குத்திப் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கிக்கொடுத்தான். கணக்கு எழுதிய கை சும்மா இருக்காது அல்லவா? ஒரு நோட்டில் கோடு போட்டு, என்ன சாப்பிட்டேன், எவ்வளவு சாப்பிட்டேன், இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு என்று மூன்று பத்தியாக எழுதத் தொடங்கினேன். முதல் வாரத்திலேயே கிருத்திகை வந்தது. எங்கள் வீட்டில் கிருத்திகை விரதத்துக்குக் காலையில் ஜவ்வரிசி உப்புமாதான். என் மனைவி செய்யும் ஜவ்வரிசி உப்புமாவைப் பற்றி நான் நடுநிலையோடு பேச முடியாது. முதல் நாள் இரவே அளவாகத் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, மணி மணியாக உதிரும் பதத்தில், வறுத்துப் பொடித்த நிலக்கடலையும் பச்சை மிளகாயும் சேர்த்துக் கிளறி, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிந்து இறக்குவார். விரதம், அதிலும் இனிப்பே இல்லாத உணவு என்ற நிம்மதியில் இரண்டு தட்டு சாப்பிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கருவி 261 என்று காட்டியது. கருவியில்தான் கோளாறு என்று கையைக் கழுவிவிட்டு மறுபடியும் குத்தினேன். 258.

அன்று மாலை மொட்டை மாடியில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். ஆலையில் என்ன செய்கிறோம் என்பது எனக்குத் தெரியாததல்ல. கிழங்கின் தோலை உரித்து, அரைத்து, சக்கையை வடிகட்டி ஒதுக்கிவிட்டு, பாலைத் தொட்டியில் தெளியவைத்து, அடியில் படியும் மாவை மட்டும் எடுத்துக் குருணையாக உருட்டி, வறுத்து, களத்தில் காயவைத்தால் அதுதான் ஜவ்வரிசி. நார்ச்சத்து சக்கையோடு போய்விடுகிறது. கிழங்கில் முதலிலேயே சொற்பமாக இருக்கும் புரதமும் தெளிந்த தண்ணீரோடு போய்விடுகிறது. மிஞ்சுவது நான் பாயின்ட் கணக்கில் எழுதிய அந்த மாவுச்சத்து மட்டும்தான். 100 கிராம் காய்ந்த ஜவ்வரிசியில் ஏறத்தாழ 87 கிராம் மாவுச்சத்து. புரதம் ஒரு கிராம்கூடத் தேறாது. குடலுக்குள் போனால் அது முழுவதும் குளுக்கோஸாக உடைந்து இரத்தத்தில் கலக்கிறது. நாக்குக்கு இனிக்காததால் உடம்புக்கும் இனிக்காது என்று நம்பியிருந்தேன். ஜவ்வரிசியை நான் குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். என் பிள்ளைகளைப் படிக்கவைத்தது அது. இந்த மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு இன்றும் சோறு போடுவது அது. என் இரத்தத்துக்கு அது ஒத்துவராது என்பதை மட்டும்தான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு இனிக்காத பொருள்களையெல்லாம் ஒவ்வொன்றாக நோட்டில் ஏற்றினேன். நான்கு இட்லி சாம்பாரோடு 203. இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சுண்டலோடு 158. சப்பாத்திக்கு மாறினால் போதும் என்று ஊரே சொல்லும். ஆனால் நான்கு சப்பாத்திக்கும் அளவான சோற்றுக்கும் என் நோட்டில் பெரிய வேறுபாடு வரவில்லை. கேழ்வரகு எனக்குப் பெரிய பாடம் கற்பித்தது. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகையின்போது தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள். கேழ்வரகுதானே என்று இரண்டு சொம்பு குடித்துவிட்டு வந்து பார்த்தால் 230-ஐத் தாண்டியிருந்தது. அரிசியை விடக் கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் மிக அதிகம் என்பது உண்மை. ஆனால் மாவுச்சத்தின் அளவில் அது அரிசிக்கு வெகுதூரத்தில் இல்லை. மாவாக அரைத்து, காய்ச்சி, கரைத்துக் குடிக்கும்போது செரிப்பதற்கு வேலையே இல்லாமல் போகிறது. கெட்டியாகக் கிண்டிய ஓர் உருண்டைக் களியைக் கீரைக் கடைசலோடு சாப்பிட்டால் எனக்கு அவ்வளவு ஏறுவதில்லை.

தட்டுவடை செட்டை மட்டும் இன்னும் முழுதாக விட முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சேலத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாலை ஐந்து மணிக்கு மேல் தள்ளுவண்டியைச் சுற்றி நின்று, இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வைத்து, பச்சைச் சட்னியும் காரச் சட்னியும் தடவிக் கையில் கொடுக்கும்போது, எண்ணிக்கை மறந்துபோகும். வீட்டில் ஒரு கைப்பிடி வேகவைத்த கடலையைச் சாப்பிட்டுவிட்டுப் போனால் மூன்றோடு நிறுத்த முடிகிறது என்பதை ஓராண்டு தடுமாறிய பிறகு கண்டுகொண்டேன். பசியோடு போன நாள்களில் ஒரு முறைகூட என்னால் நிறுத்த முடிந்ததில்லை.

அளவை அறிந்த பிறகும் மனிதர்களிடம் மறுப்பது வேறொரு பாடு. ஆத்தூரில் இருக்கும் என் அக்காவுக்கு எழுபத்தைந்து வயது. நான் போனால் ஜவ்வரிசி வடை சுடாமல் இருக்கமாட்டார். “இதுல எங்க கண்ணு சர்க்கரை இருக்குது? வெறும் ஜவ்வரிசியும் உருளைக்கிழங்கும்தானே” என்பார். பாயசத்தை ஒதுக்கினால் புரிந்துகொள்ளும் அவருக்கு, வடையை ஒதுக்குவது தம்பிக்கு ஏதோ மனத்தாங்கல் என்று தோன்றுகிறது. ஒரு முறை கருவியைக் கையோடு எடுத்துச் சென்று, வடை தின்னும் முன்பும் பின்பும் அவர் எதிரிலேயே குத்திக் காட்டினேன். எண்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். அடுத்த முறை போனபோது பச்சைப்பயறு அடை வார்த்து வைத்திருந்தார். கல்யாணப் பந்தியில் இப்படிக் குத்திக் காட்ட முடியாது. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு கூறியது. அப்படியென்றால் ஒவ்வொரு பந்தியிலும் என்னைப் போல் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். ஆனாலும் பொரியலும் கூட்டும் ஒரு கரண்டியோடு நின்றுவிடுகின்றன. சோறு மட்டும் மலைபோல் விழுகிறது. பொரியலை இரண்டாம் முறை கேட்டு வாங்க நான் இப்போது கூச்சப்படுவதில்லை. அதை முதலில் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சோற்றைத் தொட்டால் ஏறும் அளவு குறைகிறது.

மாம்பழத்தைப் பற்றி எழுதாமல் சேலத்துக்காரன் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. சித்திரை பிறந்தால் மல்கோவா, இமாம்பசந்த், செந்தூரா, குண்டு என்று கடைவீதியே மணக்கும். முதல் இரண்டு கோடைகளில் மாம்பழத்தைத் தொடவே இல்லை. அந்தப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் போனேன். பிறகு தராசில் வைத்துப் பார்த்தபோதுதான் நான் எவ்வளவு தவறாகக் கணக்குப் போட்டிருக்கிறேன் என்று விளங்கியது. 100 கிராம் மாம்பழச் சதையில் ஏறத்தாழ 15 கிராம்தான் மாவுச்சத்து, சர்க்கரையையும் சேர்த்து. நான் விரதம் என்று சாப்பிட்ட இரண்டு தட்டு உப்புமாவில் அதைப் போல ஆறேழு மடங்கு இருந்திருக்கும். இப்போது பருவத்தில், வாரத்துக்கு மூன்று நாள், காலை பதினொரு மணிக்கு, நிறுத்து எடுத்த 100 கிராம் மல்கோவாத் துண்டுகளைத் தனியாகச் சாப்பிடுகிறேன். சோற்றுக்குப் பின் சாப்பிடுவதில்லை. சாறாகப் பிழிவதும் இல்லை. மீதிப் பழத்தை உடனே மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். கண்ணெதிரே இருந்தால் என் உறுதி அரை மணி நேரம்கூட நிற்காது.

கட்டுப்பாடு தவறான இடத்தில் ஆபத்தாகவும் முடியும் என்பதை ஏற்காட்டுப் பாதையில் கற்றேன். மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் சேர்த்திருந்த சமயம் அது. மேலே போய்ச் சாப்பிடலாம் என்று மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு காலைப் பேருந்தில் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியதும் கை நடுங்கியது. குளிர்காற்றிலும் சட்டை நனையும் அளவு வியர்த்தது. பேச நாக்கு குழறியது. பக்கத்து இருக்கையில் இருந்த பெண்மணி, மலைக் கிராமத்துக்குச் சந்தைச் சாமான் வாங்கிக்கொண்டு போனவர், என் நிலையைப் பார்த்ததும் பையிலிருந்த சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து என் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். அவருடைய கணவருக்கும் இதே நோயாம். கிளிமிபிரைடு மாத்திரை கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும்; உண்ணாமல் இருந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும். அந்த நேரத்தில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையே மருந்து. கால் மணி நேரம் கழித்து மறுபடியும் சோதித்துப் பார்க்க வேண்டும். அன்றிலிருந்து என் சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இல்லாமல் வாசற்படி தாண்டுவதில்லை.

இந்த ஆண்டு ஆடி முதல் நாள் எங்கள் தெருவில் வழக்கம்போலத் தேங்காய் சுட்டோம். நாரை வழித்துத் தரையில் தேய்த்து மழமழப்பாக்கி, மஞ்சள் பூசி, ஒரு கண்ணைத் திறந்து, உள்ளே அவலும் பொட்டுக்கடலையும் எள்ளும் பாசிப்பருப்பும் வெல்லமும் அடைத்து, அழிஞ்சிக் குச்சியில் செருகித் தீயில் சுற்றினோம். ஓடு வெடித்ததும் எழும் அந்த மணம் அறுபது ஆண்டுகளாக எனக்குத் தெரிந்த மணம். பிள்ளையாருக்குப் படைத்த பிறகு என் பேத்தி காயை உடைத்து, உள்ளே வெந்திருந்த பூரணத்தைத் தன் கிண்ணத்தில் வழித்துக்கொண்டு, கருகிய தேங்காய்ப் பத்தையை என்னிடம் நீட்டினாள். “தாத்தா, இதுல பாயின்ட் கம்மிதானே?” என்று கேட்டாள். தேங்காயில் கொழுப்புதான் அதிகம், மாவுச்சத்து குறைவு என்று என் நோட்டைப் படித்துத் தெரிந்துவைத்திருக்கிறாள். வெல்லப்பாகு லேசாக ஊறிய இரண்டு பத்தைகளை மென்று தின்றேன். பின்பு அவளைக் கூட்டிக்கொண்டு, ஒவ்வொரு வாசலிலும் எரிந்துகொண்டிருந்த தீயைப் பார்த்தபடி தெருக்கோடி வரை நடந்துவிட்டு வந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து 146. அவளே நோட்டில் எழுதினாள்.